மால்குடிக்கு எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

கிளம்புவதற்கு முந்தைய இரவு, சென்னை

மால்குடிக்கு டிக்கெட் கிடையாது, அது கற்பனை ஊர். ஆனாலும் அந்த ஊருக்கு ஒரு ரயில் நிலையம் உண்டு, அதைத்தான் தன் ஆங்கில நாவல்களில் அந்த ஊரைப் படைத்த ஆர்.கே. நாராயண் முதலில் கண்டார். 1930இல், விஜயதசமியன்று, பெங்களூரில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தபோது மனக்கண்ணில் வந்து நின்றது ஒரு சின்ன ஸ்டேஷன் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சரயு ஆறு, மார்க்கெட் ரோடு, கபீர் தெரு, எல்லம்மன் தெரு எல்லாம் பிறகு வந்தவை. அதனால் இந்த ஐந்து நாள் பயணத்தின் நடுவிலும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அதற்கு முன் மைசூரில் எழுத்தாளர் கட்டிய வீடு. அதற்குப் பின், இயக்குநர் ஷங்கர் நாக் 'மால்குடி டேஸ்' தூர்தர்ஷன் தொடருக்காக மால்குடியாக மாற்றிய கர்நாடக மலையூர் ஆகும்பே.

புறப்படும் முன் வீட்டில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று: 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' நாவலை ஒரு முறை படிப்பது, பிறகு 'மால்குடி டேஸ்' தொடரில் அந்த நாவலுக்கான எட்டுப் பகுதிகளைப் பார்ப்பது. ஒரு பகுதி ஏறக்குறைய 22 நிமிடம், மொத்தம் மூன்று மணி நேரம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. தொடரை முதலில் பார்த்துவிட்டால் சிறுவன் சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தின் முகமும் அவன் அப்பாவாக வந்த கிரீஷ் கர்னாடின் குரலும் புத்தகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு கிளம்பாது.

பார்க்கும்போது பலர் செய்யும் தவறு: 1986இல் எடுத்த தொடர் 4:3 சட்டகத்தில், அதாவது அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்காக இருக்கும். இன்றைய டிவி அதை அகலத்துக்கு இழுத்துக் காட்டும். சுவாமியின் முகம் பூசணிக்காய் போல ஆகும். டிவியின் பட அமைப்பில் 4:3 என்று மாற்றுங்கள், இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால்தான் சரி. கணினியில் விஎல்சி பிளேயர் என்றால் 'ஏ' விசையை அழுத்த அழுத்தச் சட்டக அளவு மாறும். யாராவது ஓடும் காட்சியில் ஓரங்கள் சீப்புப் பல் போலக் கிழிந்து தெரிந்தால் 'டி' விசை. பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒரு படம் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக வரும். அவை சேராமல் நிற்பதுதான் அந்தக் கிழிசல்.

ஸ்டேஷன், வீட்டுத் திண்ணை, கடைத்தெரு வரும் இடங்களில் நிறுத்தி, பத்துப் பன்னிரண்டு சட்டகங்களை போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அங்கே போய் ஒப்பிட இவைதான் ஆதாரம். போன் கேமராவும் 4:3 அமைப்பிலேயே இருக்கட்டும்.

முதல் நாள், மைசூரு

சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால் காவேரி எக்ஸ்பிரஸ் காலையில் மைசூரில் விடுகிறது. நாராயண் வீடு இருக்கும் யாதவகிரி, ஸ்டேஷனுக்குப் பக்கம்தான், ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் வீடு பத்து மணிக்கு மேல்தான் திறக்கும். அதுவரை குக்கரஹள்ளி ஏரிக்கரை. ஒரு சுற்று ஏறக்குறைய 5 கி.மீ. வேலை தேடாத பட்டதாரியாக நாராயண் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்த ஏரி இது. மகாராஜா கல்லூரியில் அவர் பி.ஏ. முடித்தது 1930இல், கல்லூரி இங்கிருந்து அதிகத் தூரம் இல்லை.

விவேகானந்தர் சாலையில் உள்ள வீடு இரண்டு மாடி, வெள்ளை நிறம், முன்பக்கம் அரை வட்டமாகப் புடைத்து நிற்கும். 2011இல் இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். மைசூர்க்காரர்கள் குரல் எழுப்பியதால் வேலை நின்றது. அரசு வாங்கிப் பழுதுபார்த்து 2016இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. உள்ளே கோட்டுகள், மப்ளர், மூக்குக் கண்ணாடி, விருதுகள், புகைப்படங்கள். அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்.

மாடி அறைக்கு மட்டும் தனியாக நேரம் வையுங்கள். எட்டு ஜன்னல்கள். தெற்கே சாமுண்டி மலைக் கோயில், கிழக்கே மைசூரின் கோபுரங்களும் குவிமாடங்களும், சரிவில் ஓடும் ரயில்கள் எல்லாம் தெரியும்படி அந்த அறையை அமைத்தார். உட்கார்ந்து பார்த்தால் எழுத்து ஓடவில்லை, பார்வைதான் ஓடியது. கடைசியில் ஜன்னல்களுக்குத் திரை போட்டு மறைத்துவிட்டு எழுதினார். இன்று சுற்றிலும் கட்டடங்கள் எழும்பிவிட்டன, அந்தக் காட்சிகளில் பெரும்பகுதி போய்விட்டது. இருந்தாலும் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.

இங்கே வருகிறவர்களிடம் ஒரு குழப்பம் இருக்கிறது. சுவாமி பிறந்தது இந்த வீட்டில்தான் என்று நினைக்கிறார்கள். 'சுவாமி' லண்டனில் அச்சானது 1935இல். வீடு கட்டி முடிந்தது 1950களின் தொடக்கத்தில். ஆரம்ப நாவல்களின் காலத்தில் குடும்பம் மைசூரிலேயே லட்சுமிபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தது. 'கைடு' நாவலை எழுதியது அமெரிக்காவில், பெர்க்லியில் ஓர் ஓட்டல் அறையில். யாதவகிரி வீடு பிற்கால நாராயணுடையது. அப்படிப் பார்த்தால்தான் அங்கிருக்கும் பொருள்கள் பொருந்தும். சுவாமியின் சிலேட்டையும் கிரிக்கெட் மட்டையையும் தேடினால் ஏமாற்றம்.

மாலையில் படிக்க அவருடைய தன்வரலாறு 'மை டேஸ்'. அவர் மனைவி ராஜம் 1939இல் டைபாய்டில் இறந்த பிறகு வரும் பக்கங்களை ரயிலில் படிக்காதீர்கள். அமைதியான இடம் வேண்டும்.

இரண்டாம் நாள், மைசூரிலிருந்து சிவமொக்கா

முழுக்க ரயில் பகல். அர்சிகெரே, பீரூர் வழி. பீரூருக்குப் பிறகு தென்னை குறைந்து பாக்கு கூடும், மண் சிவக்கும். சிவமொக்காவில் தங்கிவிடுவது நல்லது. அதற்கு மேல் உள்ள கிளைப் பாதையில் ரயில்கள் குறைவு.

இந்தப் பகலுக்கு ஏற்ற வேலை, திரைக்குப் போன நாராயண்களை ஒப்பிடுவது. 1947இல் ஜெமினி எடுத்த 'மிஸ் மாலினி' தமிழ்ப் படத்துக்குக் கதை அவருடையது. 1965இல் வந்த 'கைடு' இந்திப் படம் கதையை ராஜஸ்தானுக்குக் கொண்டுபோய்விட்டது. பாட்டும் நடனமும் இன்றும் நிற்கின்றன, படம் பெரிய வெற்றி. ஆனால் மால்குடி அதில் இல்லை. நாராயணுக்கு அந்த வருத்தம் கடைசிவரை இருந்தது, கட்டுரையாகவும் எழுதினார். கதாநாயகன் ராஜு மால்குடி ரயில் நிலையத்தில் கடை வைத்திருந்தவன், ரயில்வே ராஜு என்றே பெயர். தண்டவாளம் போட்ட நாளிலிருந்து அவன் வாழ்வு அந்த ஊரோடு பின்னியது. ஊரை எடுத்துவிட்டால் அவன் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு வழிகாட்டிதான். இருபது வருடம் கழித்து வந்த தூர்தர்ஷன் தொடர் இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தது: முதலில் ஊர்.

மூன்றாம் நாள், அரசாளு

சிவமொக்கா – தாளகுப்பா பாதையில், கும்சிக்கும் ஆனந்தபுரத்துக்கும் இடையே இருக்கிறது அரசாளு. தொடரில் மால்குடி ஸ்டேஷனாக வருவது இதுதான். முன்பதிவில் 'மால்குடி' என்று தேடாமல் அரசாளு என்று தேடுங்கள். நாம் ஏறும் வண்டி அங்கே நிற்குமா, திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று இரண்டையும் பார்த்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். நேரம் ஒத்துவராவிட்டால் சிவமொக்காவிலிருந்து வாடகைக் கார். ரிப்பன்பேட்டைப் பக்கம் என்று சொன்னால் ஓட்டுநருக்குப் புரியும். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

பழைய ஸ்டேஷன் கட்டடம் 2020இல் மால்குடி அருங்காட்சியகம் ஆனது. அதை வடிவமைத்தவர் ஜான் தேவராஜ், தொடரின் கலை இயக்குநரும் அவரே. முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அதே கைக்கு அதே கட்டடம் திரும்பி வந்திருக்கிறது. கதாபாத்திரங்களின் உருவங்கள், தொடரின் காட்சிகள், பழைய ரயில்வே சாமான்கள் உள்ளே இருக்கின்றன. பக்கத்தில் பழைய ரயில் பெட்டி ஒன்றை டீக்கடையாக்கியிருக்கிறார்கள்.

போனில் உள்ள சட்டகங்களை இங்கே எடுங்கள். ஒப்பிடும்போது பெரும்பாலும் எல்லோரும் தண்டவாளத்திலிருந்து தொடங்குகிறார்கள், எதுவும் பொருந்தாமல் குழம்புகிறார்கள். காரணம் எளிது. தொடர் எடுத்தபோது இது மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மி.மீ. இன்று அகலப்பாதை, 1,676 மி.மீ. கேஜ் மாற்றும்போது தண்டவாளத்தின் இடம், நடைமேடையின் உயரம் எல்லாம் மாறிவிடும். மாறாதது பழைய கட்டடம் மட்டுமே. கூரையின் சரிவு, வாசல்களின் வரிசை, தூண்களுக்கு இடையே உள்ள தூரம் இந்த மூன்றையும் வைத்துக் கேமரா நின்ற இடத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கலாம். தண்டவாளத்தைக் கடந்து போய் நின்று பார்க்கத் தோன்றும். வேண்டாம், எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஓடும் பாதை அது.

காலை வெளிச்சத்தில் வருவது நல்லது. நாவலின் கடைசி அத்தியாயம் விடியற்காலை நடைமேடையில் நடக்கிறது. சுவாமியின் நண்பன் ராஜம் ஊரை விட்டுப் போகிறான், சுவாமி கையில் ஆண்டர்சன் தேவதைக் கதைகள் புத்தகத்தோடு ஓடி வருகிறான், வண்டி நகர்கிறது. முதலில் மனக்கண்ணில் வந்த ஸ்டேஷனிலேயே நாவல் முடிகிறது. அந்த ஐந்தாறு பக்கங்களை இந்த நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து படிக்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம் என்றுகூடச் சொல்வேன். பக்கங்களைத் தனியாகத் தேடாமல் இருக்கப் புத்தகத்தில் முன்கூட்டியே நூல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் சிவமொக்காவிலிருந்து பஸ்ஸில் தீர்த்தஹள்ளி. சரயு ஆற்றைத் தேடுகிறவர்கள் துங்கா நதிக்கரையில் சற்று நிற்கலாம். தொடர் எடுத்த ஆகும்பேயில் மணல் விரிந்த ஆறு கிடையாது.

நான்காம் நாள், ஆகும்பே

தீர்த்தஹள்ளியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடைத்தெரு சின்னது, மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத் தெருவில் ஷங்கர் நாக் ஒரு நகரத்தையே காட்டியிருக்கிறார் என்பதை இங்கே நின்றால்தான் உணர முடியும்.

எப்படிச் செய்தார்கள்? தொடரை மறுபடி பாருங்கள். தெருவின் முழு நீளமும் ஒரே சட்டகத்தில் வருவது குறைவு. ஒரு மூலை, ஒரு கடை வாசல், ஒரு திண்ணை என்று பிரித்துப் பிரித்துக் காட்டுவார்கள். ஒரே இடம் ஒரு கதையில் ஜோசியர் உட்காரும் மூலையாகவும் இன்னொன்றில் போஸ்ட்மேன் கடக்கும் வழியாகவும் ஆகும். கதைக்குக் கதை ஆட்கள் மாறி இடம் மாறாமல் இருந்ததால்தான் பார்ப்பவர் மனதில் ஊர் பெரிதாக வளர்ந்தது. 'லாலி ரோடு' கதையில் வரும் லாலி துரையின் சிலையையும் ஊர் நடுவே நிறுவினார்கள். அது படப்பிடிப்புக்காக வைத்தது, இப்போது தேடி அலைய வேண்டாம்.

லாலி என்ற பெயரைக் கோயம்புத்தூர்க்காரர்கள் கவனித்திருப்பார்கள். ஆர்தர் லாலி 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண கவர்னர். அவர் பெயரில்தான் கோவையில் லாலி ரோடு. கதையில் வரும் ஃபிரடெரிக் லாலி கற்பனை. ஆனால் அந்தப் பெயர் எந்த மண்ணில் ஒலித்ததோ அந்த மண்தான் புத்தக மால்குடி. விநாயக முதலி தெரு, எல்லம்மன் தெரு, நல்லப்பன் தோப்பு, மேல்படிப்புக்கு மெட்ராஸ் போகும் பிள்ளைகள்: சென்னை மாகாணத்தின் ஒரு சமவெளி ஊர். வெயில் அங்கே ஒரு கதாபாத்திரம். வேனல் பகலில் திண்ணையில் படுத்துக் கிடப்பது, மாலை காற்றுக்கு ஆற்று மணலுக்குப் போவது என்று பக்கத்துக்குப் பக்கம் சூடு.

ஆகும்பே அதற்கு நேர் எதிர். கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டர் அளவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில், அரபிக்கடலிலிருந்து ஐம்பது கி.மீ. சொச்சத்தில் நிற்கும் ஊர். கடலிலிருந்து வரும் மேகம் மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து கொட்டும் முதல் இடம். வருடத்துக்குச் சராசரி 7,000 மி.மீ.க்கு மேல் மழை. 1946 ஆகஸ்டில் அந்த ஒரே மாதத்தில் 4,508 மி.மீ. பதிவானது. சென்னையில் வருடம் முழுவதும் பெய்வது 1,400 மி.மீ. அளவில்தான். இங்கே ஓட்டுச் சரிவு செங்குத்தாக இருப்பதும், தாழ்வாரம் அகலமாக வெளியே நீள்வதும், சுவரடி பாசி பிடித்திருப்பதும் மழைக்காக. தொடரில் தெரியும் பச்சையும் ஈரமும் புத்தகத்தில் இல்லாதவை. இது குறையா என்றால் இல்லை என்றே நினைக்கிறேன். 1930களின் ஊர் ஒன்று, சிமெண்ட் மாடியும் விளம்பரப் பலகையும் மறைக்காமல், சமவெளியில் 1986இல் எங்கே கிடைத்திருக்கும்? மழைதான் இந்தத் தெருவைப் பழையபடி வைத்திருந்தது. புத்தகத்தின் வெயிலை விட்டுக்கொடுத்து அதன் காலத்தைக் காப்பாற்றினார்கள்.

விட்டுப்போன இன்னொன்று மொழி. 'எ ஹார்ஸ் அண்ட் டூ கோட்ஸ்' கதையின் முனிக்குத் தமிழ் மட்டுமே தெரியும், வந்த அமெரிக்கருக்கு ஆங்கிலம் மட்டுமே; கதையின் உயிரே அதில்தான். மால்குடிக்காரர்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்ற கேள்வியை நாராயணின் ஆங்கிலம் மெதுவாகத் தாண்டிப்போகும். திரையில் தாண்ட முடியாது, எல்லோரும் இந்தி பேச வேண்டியிருந்தது. அந்த இந்திக்கு அடியில் தெற்கத்திய வாசனை வந்தது எல். வைத்தியநாதனின் இசையால். வார்த்தையே இல்லாத அந்தத் தலைப்பு இசைக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை, கூடவே நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள். இந்தி தெரியாத வீடுகளிலும் தொடர் ஓடியதற்கு இந்த இரண்டும் பெரிய காரணம்.

சுவாமியின் வீடாக வரும் தொட்டமனை கடைத்தெருவிலேயே இருக்கிறது. 'பெரிய வீடு' என்று பொருள். நூறாண்டு தாண்டிய கட்டடம், கடைந்த மரத்தூண்கள், நடுவில் முற்றம். இது மக்கள் குடியிருக்கும் வீடு என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். வாசலில் நின்று குரல் கொடுத்து, அனுமதி கேட்டு, செருப்பை வெளியே விட்டுப் போவது முறை. தங்கவும் இடம் கொடுப்பார்கள். இவ்வளவு என்று விலை பேசாமல், தங்கியவர் தம்மால் இயன்றதை வைத்துவிட்டுப் போவது அங்கே நீண்டநாள் வழக்கம். அதற்காகக் குறைத்து வைக்காதீர்கள். மலைநாட்டு வழக்கப்படி காப்பிக்குப் பதில் கஷாயம் வரலாம்: மல்லி, சீரகம், மிளகு போன்றவற்றை வறுத்துப் பொடித்து, வெல்லமும் பாலும் சேர்த்துக் கொதிக்கவைத்தது. படம் எடுக்க நினைத்தால் முற்றத்தில் நடுப்பகல் வெளிச்சத்தைத் தவிர்க்கவும். மேலே வெள்ளை வெளிச்சம், தாழ்வாரத்தில் இருட்டு என்று பிரிந்துவிடும். மேகமூட்டமான காலைதான் தொடரின் நிறத்துக்கு அருகில் வரும்.

இரவு மின்சாரம் போகலாம், சிக்னலும் அப்படித்தான். இங்கே பார்க்க வேண்டிய பகுதிகளைச் சிவமொக்காவிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். 'லாலி ரோடு', 'தி மிஸ்ஸிங் மெயில்' இரண்டும் போதும்.

ஐந்தாம் நாள், ஆகும்பேயிலிருந்து கீழே

ஜூன் முதல் செப்டம்பர் வரை வருபவர்களுக்கு: குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். புத்தகத்தை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். பழைய பேப்பர்பேக் ஒரே இரவில் ஈரம் குடித்து உப்பும், பிறகு முதுகுப் பசை விடும். அருவிகளுக்கு நடந்தால் அட்டை கட்டாயம் ஏறும். நீண்ட காலுறைக்குள் பேண்ட்டைச் செருகி, மேலே உப்பும் புகையிலைத் தூளும் தடவிக்கொள்வது வழக்கம். கடித்தபின் பிடித்து இழுக்க வேண்டாம். மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விடும். ரத்தம் உடனே நிற்காது, அட்டையின் எச்சில் அதை உறையவிடாது. சோப்பால் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

சூரியன் மறைவதைப் பார்க்கும் முனையிலிருந்து கடல் தெரிய வேண்டுமானால் நவம்பர் முதல் ஜனவரி வரை வர வேண்டும். மழைக் காலத்தில் அங்கே வெள்ளைத் திரைதான்.

உடுப்பிக்கு இறங்கும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பெரிய வண்டிகளுக்கு அனுமதி இல்லை, மினி பஸ்தான். வயிறு புரட்டும் வழக்கம் உள்ளவர்கள் முன்பக்க இருக்கையும் காலி வயிற்றுக்கு இரண்டு இட்லியும் பார்த்துக்கொள்ளவும். இறங்கும்போது புத்தகம் படிக்க வேண்டாம். உடுப்பியிலிருந்து மங்களூர், அங்கிருந்து சென்னைக்கு இரவு மெயில்.

காலையில் சென்ட்ரலில் இறங்கி நேராக வீட்டுக்குப் போகாமல் புரசைவாக்கம் வெள்ளாளர் தெருவைத் தொட்டுவிட்டுப் போகலாம், இரண்டு கி.மீ. தூரம்தான். 1906 அக்டோபர் 10இல் நாராயண் பிறந்ததும் வளர்ந்ததும் புரசைவாக்கத்தில், பாட்டி வீட்டில். பழைய வீடு இன்று இல்லை. பாட்டி கதை சொல்ல, ஒரு மயிலும் ஒரு குரங்கும் துணைக்கு இருக்க, ஒரு பையன் மணல் குவியலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததாக 'மை டேஸ்' தொடங்குகிறது. தெருவில் இப்போதும் காலையில் நல்ல கூட்டம்.